ஊர் மாறி வந்தவரும் மஹல்லாவில் இருப்பவரும்

 



இரண்டு மாதங்களுக்கு முன்பு ஒரு நாள் இஷா தொழுகை முடிந்து எல்லோரும் கலைந்து போன பிறகு, ஒரு பெரியவர் மட்டும் ஹவுளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எழுபது வயதைத் தாண்டியிருக்கும். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்து வளர்ந்தவர். மனைவி வஃபாத்தான பிறகு, தனியாக இருக்க வேண்டாம் என்று மகன் இங்கே அழைத்து வந்துவிட்டார். நம் மஹல்லாவில் புதிதாகக் கட்டியிருக்கும் அடுக்குமாடியில் நான்காவது மாடி. மகன் நல்ல பிள்ளை, குறை சொல்ல ஒன்றுமில்லை என்று அவரே சொன்னார். பிறகு என்னிடம் கேட்டார்:

"ஹஜ்ரத், எனக்கு ஈமான் குறைஞ்சு போச்சோ? ஊர் ஞாபகம் வந்தா தொழுகையிலேயே அழுகை வந்துடுது. என் வீட்டுக்காரி அங்கே கபர்ல கிடக்கிறா. நான் இங்கே லிஃப்டுல ஏறி இறங்கிக்கிட்டிருக்கேன்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஸப்ர் செய்யுங்க அத்தா, எல்லாம் அல்லாஹ்வுடைய நாட்டம்" என்று சொல்லிவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு கதவைப் பூட்டக் கிளம்பிவிட்டேன். சொன்ன வார்த்தையில் தவறில்லை. ஆனால் அது அவருடைய பேச்சை முடித்து வைப்பதற்காகச் சொன்ன வார்த்தை. அவருக்கும் அது புரிந்திருக்கும். தலையை ஆட்டிவிட்டு மெதுவாக எழுந்து போனார். அன்று இரவு எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. இதே கேள்வியோடு ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் போயிருந்தால், அவர்களும் இப்படித்தான் சாவியைத் தேடியிருப்பார்களா? எழுந்து கிதாபை எடுத்தேன். இன்றைய பயான் அந்த இரவில் படித்ததிலிருந்துதான் வருகிறது.

சகோதரர்களே! ஹிஜ்ரத்தைப் பற்றி நாம் ஒவ்வொரு முஹர்ரம் மாதமும் பேசுகிறோம். குகை, சிலந்தி, புறா, சுராக்காவின் குதிரை, குபாவில் வரவேற்பு என்று பேசி, மதீனா வந்து சேர்ந்ததும் பயானை முடித்துவிடுகிறோம். வந்து சேர்ந்த மறுநாள் என்ன ஆனது? ஒரு புது ஊரில், புதுத் தண்ணீரில், புது மனிதர்களுக்கு நடுவே அவர்கள் எப்படி வாழ ஆரம்பித்தார்கள்? நம்முடைய பாடம் அங்கேதான் இருக்கிறது. வீடு மாறிய எல்லோருக்கும் தெரியும், லாரி வந்து சாமான் இறக்கும் நாளைவிட அதற்குப் பிறகு வரும் நாட்கள்தான் கடினம் என்று.

முதலில் ஒன்றைக் கவனியுங்கள். நபி (ஸல்) அவர்கள் மக்காவை விட்டு வெளியேறியபோது வயது 53. அது கி.பி. 622ஆம் ஆண்டு. பிறந்த ஊர், பெற்றோரைப் போல வளர்த்த பாட்டனாரும் பெரிய தந்தையும் வாழ்ந்து மறைந்த ஊர். மக்காவில் ஹஸ்வரா என்ற இடத்தில் நின்று அந்த ஊரைப் பார்த்து அவர்கள் பேசிய பேச்சு திர்மிதியில் வருகிறது. அல்லாஹ்வின் பூமியிலேயே நீதான் சிறந்தவள், அல்லாஹ்வுக்கு மிகவும் பிரியமானவள், உன்னிடமிருந்து நான் வெளியேற்றப்படாவிட்டால் வெளியேறியிருக்க மாட்டேன் என்ற கருத்தில் சொன்னார்கள். அல்லாஹ்வின் கட்டளைப்படி போகிறவர்கள், போகும் இடத்தில் வெற்றி இருக்கிறது என்று நம்பிப் போகிறவர்கள். அப்படியிருந்தும் ஊரைப் பார்த்துப் பேசினார்கள். பிரிவு வலித்தது, வலித்ததை மறைக்கவில்லை.

குர்ஆனிலும் இதற்கு ஓர் அடையாளம் இருக்கிறது. சூரத்துன் நிஸா 66ஆம் வசனத்தில், மனிதர்களுக்குச் செய்யக் கடினமான இரண்டு காரியங்களை அல்லாஹ் ஒன்றாக வைத்துச் சொல்கிறான். ஒன்று உயிரை மாய்த்துக்கொள்வது. மற்றொன்று வீடுகளை விட்டு வெளியேறுவது. இரண்டையும் கட்டளையாக்கியிருந்தால் சிலரைத் தவிர யாரும் செய்திருக்க மாட்டார்கள் என்கிறான். வீட்டை விட்டுப் போவதை உயிரை விடுவதற்குப் பக்கத்தில் வைத்தவன் நம்மைப் படைத்தவன். எனவே வீட்டை நினைத்து அழும் ஒருவரிடம், இதற்கெல்லாம் அழுவார்களா என்று கேட்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

இப்போது மதீனாவுக்கு வாருங்கள். அந்தக் காலத்தில் மதீனா நோய் மிகுந்த ஊர். புத்ஹான் ஓடையில் கெட்டுப்போன நீர் ஓடிக்கொண்டிருந்தது என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களே சொல்கிறார்கள். வந்து இறங்கியவர்களைக் காய்ச்சல் பிடித்தது. தந்தை அபூபக்ர் (ரலி) படுத்துவிட்டார்கள். பிலால் (ரலி) படுத்துவிட்டார்கள். ஆயிஷா (ரலி) இருவரையும் போய்ப் பார்த்து நலம் விசாரித்தார்கள். காய்ச்சல் ஏறும்போது அபூபக்ர் (ரலி) மரணத்தைப் பற்றிப் பேசினார்கள். பிலால் (ரலி) அவர்களோ காய்ச்சல் இறங்கும்போது குரலை உயர்த்திக் கவிதை பாடினார்கள். எதைப் பற்றி? மக்காவைச் சுற்றி முளைக்கும் இத்கிர் புல்லைப் பற்றி. அங்கே உள்ள ஒரு நீர்நிலையைப் பற்றி. ஷாமா, தஃபீல் என்ற இரண்டு மலைகளைப் பற்றி. அவற்றை மீண்டும் ஒரு நாள் பார்ப்பேனா என்ற ஏக்கத்தைப் பாடினார்கள். இது புகாரியில் உள்ள செய்தி.

பாடியவர் யார் என்று பாருங்கள். பிலால் (ரலி)! மக்கா அவருக்கு என்ன கொடுத்தது? அடிமைத்தனத்தைக் கொடுத்தது. சுடுமணலில் கிடத்தி நெஞ்சில் பாறையை ஏற்றி வைத்தது. சொந்த வீடு கிடையாது, குலம் கிடையாது, பரம்பரையோ அபிசீனியாவைச் சேர்ந்தது. அந்த ஊரை விட்டுத் தப்பித்தோமே என்று நிம்மதியாக இருக்க வேண்டியவர். ஆனால் காய்ச்சல் இறங்கியதும் அவர் நாவில் வந்தது அந்த ஊரின் புல். கொடுமை செய்த மனிதர்கள் மீது அவருக்குக் கோபம் இருந்தது. அதையும் அந்த ரிவாயத்தில் சொல்கிறார். மனிதர்கள் மீது கோபமும் மண்ணின் மீது ஏக்கமும் ஒரே நெஞ்சில் ஒன்றாக இருக்கின்றன. மனித மனத்தை இதைவிட உண்மையாகக் காட்டும் செய்தியை நான் அதிகம் படித்ததில்லை.

ஆயிஷா (ரலி) போய் நபி (ஸல்) அவர்களிடம் விஷயத்தைச் சொன்னார்கள். இங்கேதான் நான் அன்று இரவு கிதாபை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நபி (ஸல்) அவர்கள் பிலாலைக் கூப்பிட்டுக் கண்டிக்கவில்லை. மக்காவை மறந்துவிடு என்றும் சொல்லவில்லை. கையேந்தி துஆ செய்தார்கள். மக்காவை நாங்கள் நேசிப்பது போல, அல்லது அதைவிட அதிகமாக, மதீனாவின் மீது எங்களுக்கு நேசத்தைக் கொடு என்று கேட்டார்கள். இந்த ஊரை ஆரோக்கியமான ஊராக்கு என்று கேட்டார்கள். இங்குள்ள ஸாஉ, முத்து ஆகிய அளவைகளில் பரக்கத் செய் என்று கேட்டார்கள். இதன் காய்ச்சலை ஜுஹ்ஃபாவுக்கு அகற்றிவிடு என்று கேட்டார்கள்.

துஆவின் வாசகத்தைக் கவனியுங்கள். மக்காவின் மீதுள்ள நேசத்தை எடுத்துவிடு என்று அதில் இல்லை. அந்த நேசத்தை அளவுகோலாக வைத்து, இந்த அளவுக்கு இங்கேயும் கொடு என்று கேட்கிறார்கள். பழைய ஊரின் பிரியம் அப்படியே இருக்கிறது. புது ஊரின் பிரியம் தானாக வரவில்லை; அது அல்லாஹ்விடம் கேட்டுப் பெற வேண்டிய ஒன்றாக இருந்தது. நபிமார்களின் தலைவரே கேட்டுத்தான் பெற்றார்கள் என்றால், நான்காவது மாடியில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் ஒரு முதியவருக்கு மூன்று மாதத்தில் அது வந்துவிட வேண்டும் என்று நாம் எப்படி எதிர்பார்க்கிறோம்?

இன்னொன்றையும் பாருங்கள். நேசத்தைக் கேட்டவர்கள் அதோடு நிறுத்தவில்லை. ஆரோக்கியத்தைக் கேட்டார்கள், அளவைப் பாத்திரத்தின் பரக்கத்தைக் கேட்டார்கள். தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை, கடையில் வாங்கும் சாமான் கட்டுப்படியாகவில்லை என்றால் ஒரு ஊர் எப்படிப் பிடிக்கும்? ஊர் மாறி வந்தவருடைய கஷ்டத்தில் பாதி மனதில் இருக்கிறது. மீதிப் பாதி குடிதண்ணீரிலும் அரிசி விலையிலும் பஸ் நிறுத்தத்திலும் இருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் இரண்டையும் ஒரே துஆவில் சேர்த்தார்கள்.

சரி, துஆ கேட்டார்கள். மதீனாவில் ஏற்கனவே இருந்தவர்கள் என்ன செய்தார்கள்?

நபி (ஸல்) அவர்கள் முதலில் தங்கியது அபூ அய்யூப் அல்அன்ஸாரி (ரலி) அவர்களுடைய வீட்டில். சொந்த இருப்பிடம் தயாராகும் வரை ஏறத்தாழ ஏழு மாதங்கள் அங்கே இருந்தார்கள் என்று சீரா நூல்கள் சொல்கின்றன. அது இரண்டு தளம் கொண்ட வீடு. சந்திக்க வருபவர்களுக்கு வசதியாக இருக்கும் என்று நபியவர்கள் கீழ்த்தளத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அபூ அய்யூப் (ரலி) அவர்களுக்கு மேலே இருக்க மனமில்லை. ஒரு நாள் இரவு விழித்துக்கொண்டு, ரஸூலுல்லாஹ்வின் தலைக்கு மேலே நாம் நடக்கிறோமே என்று பதறி, கணவனும் மனைவியும் ஓர் ஓரமாக ஒதுங்கிப் படுத்தார்கள். இன்னொரு முறை தண்ணீர்ப் பானை உடைந்துவிட்டது. தண்ணீர் கீழே சொட்டிவிடுமோ என்று பயந்து, தங்களிடம் இருந்த ஒரே போர்வையை எடுத்து இருவரும் தண்ணீரைத் துடைத்தார்கள். கடைசியில் நபியவர்களே மேல்தளத்திற்கு மாறிக்கொண்டார்கள்.

சகோதரர்களே, இன்று நம்மில் பலர் அடுக்குமாடிக்குக் குடிபோயிருக்கிறோம். மேல்வீட்டுக் குளியலறைத் தண்ணீர் கீழ்வீட்டுக் கூரையில் இறங்குகிறது என்ற பஞ்சாயத்து என்னிடமே மூன்று வந்துவிட்டது. "நாங்க என்ன பண்றது, பில்டர்கிட்ட கேளுங்க" என்பதுதான் நமக்குத் தெரிந்த பதில். கீழே இருந்தவர்கள் அல்லாஹ்வின் தூதர் என்பதால் அபூ அய்யூப் துடைத்தார், நம் கீழ்வீட்டில் இருப்பவர் சாதாரண ஆள்தானே என்று சொல்ல முடியாது. அண்டை வீட்டாரைச் சொத்துக்கு வாரிசாக்கிவிடுவார்களோ என்று தாம் எண்ணும் அளவுக்கு ஜிப்ரீல் (அலை) தம்மிடம் வலியுறுத்திக்கொண்டே இருந்ததாக அந்தத் தூதர்தான் சொல்லியிருக்கிறார்கள்.

பள்ளிவாசல் கட்ட இடம் தேவைப்பட்டது. பேரீச்சம்பழம் காயவைக்கும் களம் ஒன்று, ஸஹ்ல், ஸுஹைல் என்ற இரண்டு அநாதைச் சிறுவர்களுக்குச் சொந்தம். இலவசமாகத் தருகிறோம் என்றார்கள் அந்தப் பிள்ளைகள். நபியவர்கள் ஏற்கவில்லை, விலை கொடுத்துத்தான் வாங்கினார்கள். கட்டும்போது தாங்களும் சேர்ந்து கல் சுமந்தார்கள். வந்த இடத்தில் உரிமை கொண்டாடாமல், விலை கொடுத்து, வியர்வை சிந்தி வேரூன்றினார்கள்.

அன்ஸாரிகளின் தாராளத்தைப் பற்றி நிறையக் கேட்டிருப்பீர்கள். எங்கள் பேரீச்சந்தோட்டங்களை எங்களுக்கும் முஹாஜிர்களுக்கும் பங்கு வைத்துவிடுங்கள் என்று கேட்டார்கள். நபியவர்கள் வேண்டாம் என்றார்கள். அப்படியானால் முஹாஜிர்கள் தோட்டத்தில் உழைக்கட்டும், விளைச்சலில் பங்கு தருகிறோம் என்றார்கள். இதற்குச் சம்மதம் கிடைத்தது. மக்கா விவசாயமில்லாத பள்ளத்தாக்கு. அங்கே இருந்தவர்கள் வியாபாரிகள். மதீனாவோ தோட்டங்களின் ஊர். ஒட்டகக் கூட்டத்தோடு ஷாமுக்கும் யமனுக்கும் போனவர்கள் இங்கே மரத்துக்குத் தண்ணீர் பாய்ச்சினார்கள். தொழில் மாறுவது சின்ன விஷயமில்லை. ஊரில் நாலு ஏக்கர் வைத்திருந்தவர் நகரத்தில் மகன் வீட்டுக்குப் பால் பாக்கெட் வாங்கி வரும் ஆளாக மாறும்போது அவருக்குள் என்ன நடக்கிறது என்று வீட்டில் யாராவது கேட்டிருக்கிறோமா?

அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களுக்குச் சகோதரராக்கப்பட்டவர் ஸஅத் பின் ரபீஉ (ரலி). தன் சொத்தில் பாதியைத் தருகிறேன் என்றார் அவர். அப்துர் ரஹ்மான் (ரலி) அவருக்கு பரக்கத்திற்காக துஆ செய்துவிட்டு, இங்கே சந்தை எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள். கைனுகா சந்தையைக் காட்டினார்கள். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுச் சம்பாதிக்க ஆரம்பித்தார்கள். கொஞ்ச நாளில் திருமணமும் செய்துகொண்டார்கள். ஓர் ஆட்டையாவது அறுத்து வலீமா கொடு என்று நபியவர்கள் சொன்னது அந்தத் திருமணத்தில்தான். கொடுக்கத் தயாராக இருந்தவரின் சிறப்பும், வழியை மட்டும் கேட்டவரின் சிறப்பும் ஒரே செய்தியில் இருக்கின்றன. நாம் பெரும்பாலும் இரண்டாமவரைப் பற்றித்தான் இளைஞர்களுக்குச் சொல்கிறோம். ஸஅத் பின் ரபீஉ அன்று வாய் திறக்காமல் இருந்திருந்தால், சந்தை எங்கே என்று கேட்க அப்துர் ரஹ்மானுக்கு ஓர் ஆள் இருந்திருப்பாரா என்பதையும் யோசிக்க வேண்டும்.

பெண்களுடைய விஷயத்தை நாம் அடிக்கடி விட்டுவிடுகிறோம். வீடு மாறும்போது அதிகம் மாறுவது அவர்களுடைய நாள்தான். அபூபக்ர் (ரலி) அவர்களுடைய மகள் அஸ்மா (ரலி) நிறைமாதக் கர்ப்பிணியாக ஹிஜ்ரத் செய்து வந்தார்கள். குபாவில் இறங்கியதும் அப்துல்லாஹ் பின் ஸுபைர் பிறந்தார். முஹாஜிர்களுக்கு இனிமேல் குழந்தையே பிறக்காது என்று ஒரு வதந்தி ஓடிக்கொண்டிருந்த நேரம்; அந்தக் குழந்தையால் எல்லோரும் பூரித்துப்போனார்கள். கணவர் ஸுபைர் (ரலி) அவர்களிடம் அப்போது சொத்து எதுவும் கிடையாது. ஒரு குதிரையும் தண்ணீர் இறைக்கும் ஓர் ஒட்டகமும்தான். குதிரைக்குத் தீனி போட்டேன், தண்ணீர் இறைத்தேன், மாவு பிசைந்தேன், ஆனால் எனக்கு ரொட்டி சரியாகச் சுட வராது, பக்கத்தில் இருந்த அன்ஸாரிப் பெண்கள்தான் எனக்குச் சுட்டுத் தருவார்கள், அவர்கள் உண்மையான பெண்கள் என்று அஸ்மா (ரலி) பிற்காலத்தில் சொன்னது புகாரியில் பதிவாகியிருக்கிறது. எத்தனையோ பெரிய சம்பவங்களைக் கண்ட பெண்மணி அவர். அந்த ரொட்டியை மறக்கவில்லை.

உமர் (ரலி) சொல்லும் ஒரு செய்தி இன்னும் சுவையானது. நாங்கள் குறைஷிகள் எங்கள் பெண்களை அடக்கி வைத்திருந்தோம், மதீனா வந்து பார்த்தால் இங்கே பெண்களின் கை ஓங்கியிருந்தது, எங்கள் வீட்டுப் பெண்களும் அதைக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தார்கள் என்கிறார்கள். ஒரு நாள் மனைவியை அதட்டியபோது அந்த அம்மையார் பதில் பேசினார்களாம். உமருக்குத் திகைப்பு! நபியவர்களின் மனைவியரே அவர்களுக்குப் பதில் பேசுகிறார்களே என்று அந்த அம்மையார் சொன்னார்கள். புது ஊர் நம் வீட்டுப் பழக்கங்களையும் மாற்றும், அது எல்லாமே கெட்ட மாற்றம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். (பின்னால் பெண்கள் பகுதியில் சிரிப்புச் சத்தம் கேட்கிறது. கேட்கட்டும்.)

மதீனாவுக்கு வந்ததும் நபி (ஸல்) அவர்கள் சொன்ன முதல் உபதேசம் எது? அப்துல்லாஹ் பின் ஸலாம் (ரலி) அப்போது இஸ்லாத்திற்கு வந்திருக்கவில்லை. வேதம் கற்ற யூத அறிஞர். கூட்டத்தோடு பார்க்கப் போனார். முகத்தைப் பார்த்ததுமே இது பொய்யருடைய முகமல்ல என்று தெரிந்துகொண்டார். அவர் கேட்ட முதல் வார்த்தைகள்: ஸலாமைப் பரப்புவது, உணவளிப்பது, மக்கள் உறங்கும்போது இரவில் தொழுவது. இவற்றைச் செய்தால் நிம்மதியோடு சொர்க்கம் செல்லலாம் என்றார்கள். புதிதாக வந்தவரும் பழைய ஆட்களும் கலந்து கிடக்கும் ஓர் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான பேச்சு உண்டா? ஸலாம் சொல்ல அறிமுகம் தேவையில்லை. உணவு கொடுக்கப் பெரிய வசதியும் தேவையில்லை. குழம்பு வைத்தால் தண்ணீரைக் கொஞ்சம் கூட்டி அண்டை வீட்டாரையும் கவனி என்று அபூதர் (ரலி) அவர்களுக்குச் சொன்னார்கள் அல்லவா?

இந்த இடத்தில் ஒரு வருத்தத்தைச் சொல்லிவிடுகிறேன். புது வீட்டுக்குப் போகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்: எந்த நாள் நல்ல நாள், வாசல் எந்தத் திசையில் இருக்க வேண்டும், பால் காய்ச்சலாமா கூடாதா. பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள், அவர்களுக்கு என்ன கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை. நாள், திசை, சகுனம் பார்ப்பதற்கு மார்க்கத்தில் இடமில்லை. அதோடு அது முடிந்தது. புதிய இடத்தில் இறங்கும்போது, அல்லாஹ்வின் முழுமையான வார்த்தைகளைக் கொண்டு அவனுடைய படைப்புகளின் தீங்கிலிருந்து பாதுகாவல் தேடும் சிறிய துஆவை ஓதிக்கொண்டால், அந்த இடத்தை விட்டுக் கிளம்பும் வரை எதுவும் தீங்கு செய்யாது என்று முஸ்லிமில் ஹதீஸ் இருக்கிறது. பாக்கியமான இடத்தில் இறங்கச் செய் என்று நூஹ் (அலை) கேட்ட துஆ சூரத்துல் முஃமினூனில் இருக்கிறது. பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள், போதும்.

இப்போது வந்தவர்களை விட்டுவிட்டு, இங்கே இருப்பவர்களிடம் பேச வேண்டியிருக்கிறது. சூரத்துல் ஹஷ்ரின் 9ஆம் வசனத்தில் அன்ஸாரிகளைப் பற்றிச் சொல்லும்போது அல்லாஹ் முதலில் எதைச் சொல்கிறான்? தங்களிடம் ஹிஜ்ரத் செய்து வந்தவர்களை அவர்கள் நேசிக்கிறார்கள் என்பதைத்தான். தங்களுக்குத் தேவையிருந்தும் கொடுத்தார்கள் என்ற புகழ் அதற்குப் பிறகுதான் வருகிறது.

நம் மஹல்லாவுக்குப் புதிதாக ஒரு குடும்பம் வந்தால் நாம் முதலில் கேட்பது என்ன? சொந்த வீடா, வாடகையா? வாடகை என்றால் "இன்னைக்கு வந்து நாளைக்குப் போறவங்க" என்று ஒரு பார்வை. அடுத்தது சந்தா. பல மஹல்லாக்களில், சந்தாப் புத்தகத்தில் பெயர் இல்லையென்றால் நிக்காஹ் பதிவுக்கு அலைய வேண்டும், மையித்து விழுந்தால் கபர்ஸ்தானில் இடத்துக்கு அனுமதி கேட்டு நிற்க வேண்டும். நிர்வாகத்துக்கு ஒழுங்கு வேண்டும், நான் மறுக்கவில்லை. ஆனால் தந்தையின் ஜனாஸாவை வீட்டில் வைத்துக்கொண்டு ஒரு மகன் பழைய மஹல்லாவின் கடிதத்துக்காகப் போன் செய்துகொண்டிருந்ததை நான் வேறோர் இடத்தில் இமாமாக இருந்தபோது பார்த்திருக்கிறேன். இந்தப் பெரியவர் என்னிடம் பேசியபோது அதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அவருடைய அழுகைக்குள் ஒரு கேள்வி இருந்தது. அவர் வாய்விட்டுக் கேட்கவில்லை, கேட்டிருந்தால் இப்படித்தான் இருந்திருக்கும்: நான் மவுத்தானால் என்னை எங்கே வைப்பீர்கள்?

அன்பானவர்களே, மனைவியின் கபரை விட்டு வந்தேன் என்று அவர் சொன்னாரே, அதற்கும் நபி (ஸல்) அவர்களின் வாழ்வில் இடம் இருக்கிறது. அன்னை கதீஜா (ரலி) அடக்கம் செய்யப்பட்டது மக்காவின் ஹஜூனில். இருபத்தைந்து ஆண்டு காலத் துணைவியின் கபரை விட்டுத்தான் ஹிஜ்ரத் புறப்பட்டார்கள். எட்டு ஆண்டுகள் கழித்து மக்கா வெற்றி கொள்ளப்பட்ட நாளில், ஸுபைர் (ரலி) அவர்களிடம் கொடியை ஹஜூனில் நடச் சொன்னார்கள் என்று புகாரியில் வருகிறது. காரணம் ரிவாயத்தில் இல்லை. அந்த இடத்தின் பெயரைப் படிக்கும்போது நம் மனம் எங்கே போகிறது என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

அந்தப் பயணத்தில்தான், உங்கள் வீட்டில் தங்குவீர்களா என்று உஸாமா (ரலி) கேட்டார்கள். அகீல் நமக்கு வீடு எதையும் விட்டு வைத்தாரா என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். வீடுகள் கை மாறிப் போயிருந்தன. ஊரே கையில் வந்துவிட்டது. என் வீடு எங்கே என்று வழக்காடவில்லை. அன்ஸாரிகளுக்கோ வேறு பயம். சொந்த ஊர் கிடைத்துவிட்டது, இனி நம்மிடம் திரும்ப மாட்டார்கள் என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். நபியவர்கள் அவர்களை அழைத்து, நான் அல்லாஹ்விடமும் உங்களிடமும் ஹிஜ்ரத் செய்து வந்தவன், என் வாழ்வும் உங்களோடுதான், மரணமும் உங்களோடுதான் என்று தெரிவித்தார்கள். அன்ஸாரிகள் அழுதுவிட்டார்கள்.

காய்ச்சலில் கேட்ட துஆவுக்கு என்ன ஆனது என்று பார்க்கிறீர்களா? பயணத்திலிருந்து திரும்பும்போது மதீனாவின் சுவர்கள் கண்ணில் பட்டால், அதன் மீதுள்ள பிரியத்தால் வாகனத்தை விரைவாகச் செலுத்துவார்கள் என்று அனஸ் (ரலி) சொல்கிறார்கள். பிலால் மக்காவின் மலைகளை நினைத்துப் பாடிய ஊரில், உஹது மலையைப் பார்த்து, இது நம்மை நேசிக்கிறது, நாமும் இதை நேசிக்கிறோம் என்று சொல்லும் நாள் வந்தது. எழுபது தோழர்களை, சிறிய தந்தை ஹம்ஸா (ரலி) அவர்களைப் பறிகொடுத்த மலை அது. ஹிஜ்ரி 10இல், ஹஜ்ஜத்துல் விதாவின்போது, ஸஅத் பின் அபீ வக்காஸ் (ரலி) மக்காவில் கடுமையாக நோயுற்றார்கள். நபியவர்கள் பார்க்க வந்தபோது அழுதார்கள். ஏன்? நான் விட்டுப்போன இந்த மண்ணிலேயே மவுத்தாகிவிடுவேனோ என்ற பயம். பிறந்த ஊரில் இறந்துவிடக் கூடாதே என்று அழுகிறார்! அவர் நலமடைய நபியவர்கள் துஆ செய்தார்கள். பல ஆண்டுகள் வாழ்ந்து, மதீனாவுக்கு அருகில் அகீக்கில் மவுத்தாகி, ஜன்னத்துல் பகீஃயில் அடக்கமானார்கள். காய்ச்சலுக்கும் இந்த அழுகைக்கும் நடுவே பத்து ஆண்டுகள் ஓடியிருக்கின்றன. ரொட்டி சுட்டுக்கொடுத்த பெண்கள், தோட்டத்தில் பங்கு கொடுத்த ஆண்கள், ஒன்றாகச் சுமந்த கற்கள், ஒன்றாகத் தோண்டிய கபர்கள் எல்லாம் அந்தப் பத்து ஆண்டுகளுக்குள் இருக்கின்றன.

பெற்றோரை ஊரிலிருந்து அழைத்து வந்திருக்கும் பிள்ளைகளே! உங்கள் அத்தாவும் அம்மாவும் ஊரைப் பற்றிப் பேசினால் பேச விடுங்கள். "இங்கே என்ன குறை?" என்று கேட்காதீர்கள், குறையிருந்துதான் அழ வேண்டும் என்பதில்லை. வருஷத்துக்கு இரண்டு முறையாவது அழைத்துப்போய் கபர் ஸியாரத் செய்ய வையுங்கள். பழைய வீட்டை விற்பதென்றால் அவர்களிடம் முதலில் சொல்லுங்கள். பத்திரப் பதிவு முடிந்த பிறகு சொல்லாதீர்கள். நடக்க முடிந்தால் பஜ்ருக்கு நீங்களே கூட்டிக்கொண்டு வாருங்கள்.

மறுநாளே அந்தப் பெரியவரைத் தேடிப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். பிலால் (ரலி) அவர்களுடைய செய்தியைச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "பிலாலுக்கும் புல்லுதான் ஞாபகம் வந்துச்சா ஹஜ்ரத்?" என்று கேட்டார். தன் வீட்டுக் கொல்லையில் இருக்கும் நார்த்தை மரத்தைப் பற்றி அரைமணி நேரம் சொன்னார். கபர்ஸ்தான் விஷயத்தை நிர்வாகத்திடம் பேசியிருக்கிறேன். வாடகையில் இருப்பவரானாலும், சந்தா கட்டாதவரானாலும், இந்தப் பள்ளியில் தொழுகிறவருக்கு இங்கே இடம் உண்டு என்று எழுத்தில் போட வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் முடிவு சொல்வதாகச் சொன்னார்கள். முடிவு என்ன என்பதை இதே மிம்பரில் சொல்கிறேன், இன்ஷா அல்லாஹ்.

அவர் இன்றும் வந்திருக்கிறார். எந்த ஸஃபில் என்று சொல்ல மாட்டேன், சங்கடப்படுவார். தொழுகை முடிந்ததும் செருப்பைத் தேடி ஓடாமல், உங்கள் வலது பக்கமும் இடது பக்கமும் உட்கார்ந்திருப்பவருக்கு ஸலாம் சொல்லிப் பெயரைக் கேளுங்கள். எந்த ஊர் என்றும் கேளுங்கள். சொல்ல ஆரம்பித்தால் முடியும் வரை கேளுங்கள்.

யா அல்லாஹ்! ஊரை விட்டு வந்திருக்கும் எங்கள் பெரியவர்களுக்கு இந்த மஹல்லாவைப் பிரியமாக்கி வைப்பாயாக! அவர்கள் விட்டு வந்த வீடுகளிலும் கபர்களிலும் உன் ரஹ்மத்தை இறக்குவாயாக! ஆமீன்.